கண்ணாடியில் கீறல் விழாத காவி

காவி என்றதும் சாமியாரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது பேச்சித்தாயின் கதை. அவளுக்கும் சந்நியாசத்துக்கும் வெகுதூரம். மெதுவாக ஒரு வார்த்தை பேச அவளுக்கு வராது. சிரித்தாலும் சண்டை போட்டாலும் ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான்.

ஸ்ரீவைகுண்டத்தில், வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும் கூலிக் குடும்பத்தில் பிறந்து, பதினேழு வயதில் கங்கைகொண்டானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு கூர்மை அவள் காது. அம்மி ஓடும் சத்தத்தை வைத்தே மூன்று வீடு தள்ளி என்ன அரைபடுகிறது என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை அவள் அரைமூடித் தேங்காய் கேட்டபோது, "வீட்டுல தேங்காயே இல்லியே" என்று கையை விரித்தாள் பக்கத்து வீட்டுக் கோமு. மறுநாள் காலையில் கோமு வீட்டு அம்மி ஓடியது. "ஏட்டி கோமு, இல்லாத தேங்கா எப்படிட்டி இம்புட்டு வழவழன்னு அரைபடுது?" என்று தெருவே கேட்கக் கத்தினாள் பேச்சித்தாய். கோமுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பேரும் எங்கே போனாலும் சேர்ந்தேதான் போவார்கள்.

அப்படித்தான் சிற்றாற்றங்கரைக் காவி ஆலைக்கும் சேர்ந்து வேலைக்குப் போனார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம் அது. ஆலையைத் தொடங்கியவர் குற்றாலலிங்கம் பிள்ளை. நிலபுலன் உள்ள சைவக் குடும்பம். பாளையங்கோட்டையில் படித்துவிட்டு, சர்க்கார் வேலை வேண்டாம், தொழில் செய்கிறேன் என்று கிளம்பிய மனிதர். ஊருக்கு மேற்கே ஒரு செம்மேட்டில் காவிக்கல் கிடைத்தது. அதை அரைத்துக் கொடுத்தால், ரயில் சரக்கு வண்டிகளுக்குப் பூசும் சிவப்புச் சாயத்துக்கு ஆகும் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். பிள்ளை உடனே ஒரு கல்லாலையை வாடகைக்குப் பிடித்தார். கட்டடக்காரர்கள் சுண்ணாம்புக் காரை அரைப்பார்களே, அதே ஆலைதான்: வட்டமான கல் ஓடை, அதில் உருளும் ஆளுயரக் கல் சக்கரம், இழுக்க ஒரு ஜோடிக் காளை. காளை ஓட்டப் பேச்சித்தாயின் புருஷன் இசக்கி. கல் அள்ளிப் போடவும், அரைத்ததைத் தண்ணீரில் கலக்கிச் சிவப்புத் தண்ணீரைப் பானைகளில் வடிக்கவும், படிந்த காவியைக் காயவைக்கவும் பதினொரு பெண்கள்.

எல்லாம் சரிதான், கல்லில்தான் வில்லங்கம். காவி, நகம் பட்டாலே உதிரும் மெத்தென்ற கல். ஆனால் அதன் உடம்பு முழுக்க வெங்கச்சங்கல் மிளகளவும் கடுகளவுமாகப் பொதிந்து கிடந்தது. இரும்பில் தட்டினால் தீப்பொறி பறக்கும் வெள்ளைக் கல் உண்டல்லவா, அதுதான் வெங்கச்சங்கல். மெத்தென்றதும் முரடும் ஒரே கட்டியில்.

முதல் பத்து மூட்டையைப் பார்க்க மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தூத்துக்குடியிலிருந்து பாவா அண்ணாச்சி வந்தார். சாய வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். பேச்சே கிடையாது. சட்டைப் பையிலிருந்து இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்தார். ஒன்றின்மேல் ஒரு சிட்டிகைக் காவி, ஒரு சொட்டு எண்ணெய். மற்றதை மேலே வைத்து நாலு தேய். துடைத்துவிட்டு வெயிலுக்கு நேரே பிடித்தார். கண்ணாடி முழுக்கக் கீறல், பூனை பிறாண்டியதைப் போல.

"பிள்ளைவாள், நீரு அனுப்புதது சாயமில்ல, அரம். இத எங்காளு எண்ணெயில குழச்சான்னா உருளைக் கல்லே தேஞ்சு போயிரும்" என்றார்.

"ஒரு தவணை குடும், அண்ணாச்சி."

"அடுத்த வாரம் புதன்கிழமை காலைல வாரேன். அன்னைக்கும் கண்ணாடில கீறல் விழுந்துச்சுன்னா என்னையத் தேடாதீரும்."

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் பிள்ளை எல்லாரையும் கூப்பிட்டார். கீறல் விழுந்தால் ஆலைக் கல்லைக் கட்டடக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும், அவரவர் பிழைப்பை அவரவர் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். இசக்கி அதற்குமேல் நிற்கவில்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கொட்டகையில் இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி இருந்தான். நேரே போய்த் தன் பேரையும் பெண்டாட்டி பேரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அந்தக் கூட்டமும் அதே புதன்கிழமைதான் ரயிலேறுகிறது.

பேச்சித்தாய் அன்று கத்தவில்லை. அதுதான் இசக்கியைப் பயமுறுத்தியது. அவளுடைய அக்காள் செல்லக்கிளி ஏழு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒரு கங்காணியோடு கப்பலேறினாள். மூன்றாம் வருஷம் மலைக் காய்ச்சலில் செத்துப்போனாள். சேதி ஸ்ரீவைகுண்டம் வந்துசேர இன்னும் பதினொரு மாதம் ஆயிற்று. அந்தப் பதினொரு மாதமும் செத்தவளுக்கு அனுப்பக் கருப்பட்டியும் வடகமும் சேர்த்துக்கொண்டிருந்தாள் பேச்சித்தாய். ஊரில் யாருக்கும் பயப்படாதவள் கப்பலுக்கு மட்டும் பயந்தாள்.

"நான் வரல" என்றாள்.

"வராம இங்கன கல்லையா திங்கப் போற?"

"ஆலை ஓடும்."

"ஓடலன்னா?"

"புதன்கிழமை கண்ணாடில கீறல் விழுந்துச்சுன்னா வாய் பேசாம ஒம்ம பின்னால வந்து கப்பலேறுதேன். விழலன்னா எழுதிக் குடுத்த ரெண்டு பேரையும் நீரே போய் அடிச்சிட்டு வரணும்."

"நீ வாய் பேசாம வருவியாக்கும்! அதப் பாக்கவே ஊரு கூடுமே" என்று சொல்லி இசக்கி ஒத்துக்கொண்டான்.

இனி எட்டு நாள். அந்த எட்டு நாளைச் சொல்லும்போது எனக்கே இருப்புக் கொள்ளவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாளைப் பிள்ளை கெடுத்தார். காரை அரைக்கிற ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம் ஒன்று உண்டு: சுற்று கூடக் கூடக் காரை உறுதி. அதில் மணலும் சுண்ணாம்பும் பிரியாமல் ஒன்றாகவே கிடக்கவேண்டும், ஆகவே அது சரி. அந்தச் சட்டத்தைப் பிள்ளை காவிக்கும் போட்டார். "நூறு சுத்துல கீறல் விழுதுன்னா இருநூறு சுத்தவிடு!" என்று குதித்தார். காளைகளுக்கு நுரை தள்ளியது. சோதித்துப் பார்க்கக் கண்ணாடி வேண்டுமே? பிள்ளை தம்முடைய முகம் பார்க்கும் கண்ணாடியையே கொடுத்தார். தேய்த்துப் பார்த்தால் முன்னைவிட மோசம். முன்பு நாலைந்து பெரிய கீறல். இப்போது கண்ணாடி முழுக்கப் பொடிக் கீறலாகி, பிள்ளையின் முகமே அதில் தெரியவில்லை.

பேச்சித்தாய் பானையடியில் படிந்ததை விரலில் எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்துப் பார்த்தாள். நறநற. "ஐயா, காவி நாப்பது சுத்துலயே வெண்ணெயா ஆயிருது. அதுக்குப் பெறவு சுத்துத சுத்தெல்லாம் வெள்ளக்கல்லுக்குப் போவுது. அதுவும் தூளாயிட்டா காவியோட சேந்து மெதக்கும். எப்படிப் பிரிப்பீக?" என்றாள்.

"ஒனக்கு எப்படிளா தெரியும் நாப்பது சுத்துன்னு?"

"சத்தம் மாறுதே, ஐயா! மொதல்ல மொறுமொறுன்னு கேக்கும். நாப்பதுக்கு மேல கறகறன்னு ஒரே சத்தம்தான். விரலி மஞ்சளையும் தேங்காயையும் ஒண்ணா அம்மில போட்டா எப்படியிருக்கும்? தேங்கா கூழாயிரும், மஞ்சள் முண்டுமுண்டா உருளும். அந்தச் சத்தம்தான்."

பிள்ளைக்குச் சமையல் தெரியாது. ஆனால் மூன்றாம் நாள், "அப்ப வெள்ளக்கல்ல மொதல்லயே பொறுக்கிருவோம்" என்று அவரே ஒரு யோசனை சொன்னார். நல்ல யோசனை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், பேச்சித்தாய் உட்பட. பதினொரு பெண்களும் உட்கார்ந்து கட்டிகளை உடைத்து, வெள்ளைக் கல்லைப் பொறுக்கியெடுத்து, அப்பழுக்கில்லாத காவியாக ஓடையில் போட்டார்கள். தண்ணீர் தெளித்துச் சக்கரத்தை விட்டார்கள்.

சக்கரம் வழுக்கியது! உருளவே இல்லை. காவி களிமண்ணாகப் பிசைந்துகொண்டு கல்லில் ஒட்டிக்கொள்ள, சக்கரம் சேற்றில் எருமை சறுக்குவதுபோல் சறுக்கிக்கொண்டு போனது. ஒரு காளை முழங்கால் மடிந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தால் அடை அடையாகக் காவி, நடுவே உடையாத கட்டிகள். "காரித் துப்புத மாதிரியில்ல இருக்கு" என்று இசக்கி சாட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நாலாம் நாள் மத்தியானம் கஞ்சி குடிக்க உட்கார்ந்தார்கள். கோமு ஒரு சப்பட்டைக் கல்லில் இஞ்சித் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். இஞ்சி நைந்து வழுக்க, அவள் இரண்டு விரலால் கல்லுப்பு எடுத்துப் போட்டாள். சரசரவென்று சத்தம் மாறியது. இஞ்சி பிடிபட்டு மசிந்தது.

பேச்சித்தாய் எழுந்த வேகத்தில் கஞ்சிக் கலயம் உருண்டது.

"ஏட்டி கோமு! எதுக்குட்டி உப்பு போட்ட?"

"வழுக்குச்சு, போட்டேன். என்னட்டி வந்துச்சு ஒனக்கு?"

"உப்புதாம்ட்டி அரைச்சுது! கல்லு அரைக்கல, உப்புதான் அரைச்சுது!"

அவள் ஓடிப்போய் முந்தின நாள் ஒதுக்கிப் போட்டிருந்த வெங்கச்சங்கல்லைக் கூடை கூடையாக அள்ளி ஓடையில் கொட்டினாள். பிள்ளை, "பைத்தியமாளா ஒனக்கு? பாடுபட்டுப் பொறுக்குனதத் திரும்பக் கொட்டுதியே!" என்று கத்தினார். அவர் கத்தினது யார் காதிலும் விழவில்லை. அதைவிட உரக்க அவள் கத்திக்கொண்டிருந்தாள்: "மாட்ட விடும்! பைய விடும்! நாப்பது சுத்துதான்!"

இசக்கி விட்டான். சக்கரத்துக்கும் காவிக்கும் நடுவே வெள்ளைக் கல் உருண்டு, பிடித்துக்கொண்டு, நெரித்து, ஆயிரம் குட்டிச் சக்கரங்களாக வேலை செய்தது. மொறுமொறு. முப்பதாவது சுற்றில் சத்தம் தணிந்தது. நாற்பதில், "நிறுத்தும்!" என்றாள். தண்ணீர் விட்டுக் கலக்கினார்கள். இரத்தமாய்ச் சிவந்த தண்ணீர் பானைக்கு வழிந்தது. அடியில் வெள்ளைக் கல் முழுசாக நின்றது. அடுத்த ஈடு காவியை அதே கல்லின்மேல் கொட்டினார்கள். மறுபடி நாற்பது. சாயங்காலம் பிள்ளையின் கண்ணாடியில் பாக்கியிருந்த நல்ல மூலையில் தேய்த்துப் பார்த்தால், ஒரே ஒரு மெல்லிய கோடு. ஒரே ஒன்று! பெண்கள் குலவையிட்டார்கள். பிள்ளை தம் மேல்துண்டைத் தலைக்குமேல் சுழற்றினார். இசக்கிகூடச் சிரித்துவிட்டான்.

சிரிப்பு ஒரு நாள்தான் நிலைத்தது. ஐந்தாம் நாள் ஈட்டுக்கு ஈடு காவி கரைந்து வெளியே போனது. அது கொண்டுவந்த வெள்ளைக் கல் உள்ளேயே தங்கியது. போகிறவன் போக, வந்தவன் உட்கார்ந்துகொண்டான். மத்தியானத்துக்குள் ஓடை பாதி வெள்ளை. சாயங்காலம் முக்கால் வெள்ளை. மேலே போட்ட காவிக்கு இடமே இல்லை. கல்லோடு கல் மோதிக் கடகடவென்று உடைந்து, அந்த வெள்ளைத் தூள் சிவப்புத் தண்ணீரோடு பானைக்குப் போனது. கண்ணாடியில் மறுபடி பூனை பிறாண்டியது. காளைகளோ இழுக்கமாட்டாமல் நின்றுவிட்டன. இசக்கி சாட்டையை ஓடைக்குள் வீசினான்.

"இனி என்னால ஆகாது. இந்தக் கல்லோட நீ குடும்பம் நடத்து. நான் கங்காணி கொட்டகைக்குப் போறேன். புதன்கிழமை வந்தா வா, வராட்டா போ."

"ஒப்பந்தம் புதன்கிழமை வரைக்கும்லா!"

"எம்மாடு முழங்கால் மடிஞ்சு விழுந்த பெறவு என்ன ஒப்பந்தம்?"

போயேவிட்டான். அவன் முதுகு ஆற்றங்கரைப் பனைகளுக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் பேச்சித்தாய் அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். மறைந்த பிறகு உட்கார்ந்து அழுதாள். கோமு பக்கத்தில் உட்கார்ந்து, "பேச்சி, குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னா கொட்டிட்டா போறோம்?" என்று சும்மா ஆறுதலுக்குச் சொன்னாள்.

பேச்சித்தாய் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "கொட்டமாட்டோம். கூடினத மட்டும் எடுத்துப்புடுவோம். ஏட்டி, அள்ளு!"

ஆறாம் நாள் காலையில் ஓடையைச் சுத்தமாக வழித்தார்கள். மூன்று கூடை காவிக்கு ஒரு கூடை வெள்ளைக் கல் என்று தொடங்கினார்கள். ஒவ்வொரு ஈடு வடித்ததும், புதிதாகச் சேர்ந்த அளவு கல்லை, தேய்ந்து உருண்டையானதாகப் பார்த்து, வெளியே அள்ளிப் போட்டார்கள். அள்ளிப்போடும் அளவைக் கோமு பார்த்துக்கொள்ள, சத்தத்தைப் பேச்சித்தாய் கேட்டாள். கடகடவென்றால் இன்னும் ஒரு கை எடு. வழுவழுவென்றால் ஒரு கை போடு. சத்தம் மொறுமொறுவென்றே நின்றது. பேச்சித்தாய்க்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆடிக்கொண்டே வேலை செய்தாள் என்று கோமு பின்னால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

காளைகள் மட்டும் சதி செய்தன. இசக்கியின் குரலுக்குப் பழகியவை. பேச்சித்தாயின் கூச்சலைக் கேட்டால் ஒன்று மிரண்டு ஓடும், மற்றது நின்று அசைபோடும். கடைசியில் ஒரு பெண் வைக்கோலைக் காட்டிக்கொண்டு முன்னால் நடக்க, அவை பின்னால் போயின. எட்டு நாளில் செய்யவேண்டியதை இரண்டு நாளில் செய்தார்கள். செவ்வாய்க்கிழமை பொழுது சாயும்போது ஆறு மூட்டைக் காவி காய்ந்து கட்டி நின்றது.

புதன்கிழமை காலை ரயிலில் பாவா அண்ணாச்சி வந்தார். திரும்பும் ரயிலைப் பிடிக்கவேண்டும் என்று வண்டியைப் போகவிடாமல் நிறுத்தியே வைத்தார். மேலாக இருந்த பொடியை அவர் தொடவில்லை. மூன்றாவது மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியிலிருந்து எடுத்தார். புதுக் கண்ணாடித் துண்டுகள். எண்ணெய் ஒரு சொட்டு. ஒரு தேய், இரண்டு தேய், மூன்று, நாலு. பிள்ளை வெற்றிலையை மெல்ல மறந்து வாயைத் திறந்தபடி நின்றார். பாவா துடைத்தார். வெயிலுக்குப் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். இன்னொரு மூட்டையில் கைவிட்டார், இன்னும் நாலு தேய் தேய்த்தார்.

"பிள்ளைவாள்" என்றார், "இத எந்த ஆலைல வாங்கினீரு?"

"இங்கனதான், அண்ணாச்சி! இந்தா நிக்காளே, இவதான் அரைச்சா!"

"அல்லா! மாசம் அம்பது மூட்டை தாரும். இந்தப் புள்ளைய மட்டும் வேற ஆலைக்கு விட்டுராதீரும்."

பிள்ளை பதில் சொல்வதற்குள் பேச்சித்தாய் அவர் கையிலிருந்த கண்ணாடித் துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தாள்.

"ஏ புள்ள! ஏங் கண்ணாடி!"

ஸ்டேஷன் ஒரு மைலுக்குமேல். தலையிலிருந்து கால்வரை காவி. எதிரே வந்த ஆட்டு மந்தை இரண்டாகப் பிரிந்தது. பின்னால் பாவா அண்ணாச்சியின் வண்டி கண்ணாடிக்காகத் துரத்தியது, அதற்குப் பின்னால் கோமு. மணியாச்சிப் பக்கம் போகும் ரயில் வந்து நின்றுகொண்டிருந்தது. கங்காணி பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆட்களை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். இசக்கி ஏற்கெனவே உள்ளே ஜன்னலோரம், மடியில் மூட்டையோடு, செத்த முகமாக உட்கார்ந்திருந்தான்.

"இந்தாரும்!" அவளுக்கு மூச்சு இரைத்தது. "பாரும்!"

அவன் கண்ணாடியை வாங்கினான். கட்டைவிரலால் துடைத்தான். வெயிலில் சாய்த்துப் பார்த்தான்.

"கீறல் இல்லியே!"

"இல்ல. எறங்கும்."

"அது முடியாது" என்று குறுக்கே வந்தான் கங்காணி. "பேரு எழுதியாச்சு."

"எழுதத் தெரிஞ்ச ஒமக்கு அடிக்கத் தெரியாதா? அடியும்!" என்று அவள் போட்ட சத்தத்தில் இஞ்சின் டிரைவரே எட்டிப் பார்த்தார்.

இசக்கி இறங்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "நான் போன பெறவுதான எல்லாம் சரியாச்சு?" என்றான். "காளையையும் நீயே ஓட்டிட்ட. இனி நான் எதுக்கு?"

ரயில் ஊதியது. பேச்சித்தாய்க்கு வாழ்நாளில் முதல்முறையாகச் சத்தம் வரவில்லை.

"ஓட்டல" என்றாள் பைய. "ஒருத்தி வைக்கோலக் காட்டி இழுத்துக்கிட்டுப் போனா. அதுக ரெண்டும் ஒம்ம கொரலத்தான் தேடுது. நானுந்தான்."

ரயில் நகர்ந்தது. முதலில் ஜன்னல் வழியாக மூட்டை விழுந்தது, அப்புறம் கதவு வழியாக இசக்கி.